மலை வேலைக்குப் பேன்ட் எடுத்த கதை

1. பொறுப்பு

வேலைக்கு வரும் மூன்று பேருக்கும் மலையில் போடத் தகுந்த உடை இருக்க வேண்டும், இல்லாதவரைக் கயிற்றில் இறக்க மாட்டோம் என்று இமாச்சலிலிருந்து மெயில் வந்தது. உடனே எங்கள் திருவொற்றியூர் ஆபீசில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கயிறு தெரிந்தவர்களில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வீட்டிலும் இதே நிலைமை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்பதால் மருந்துச் சீட்டிலிருந்து மிக்சி வாரண்டி வரை என்னிடம்தான் வரும். பேன்ட் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

எங்களுடையது ரோப் வேலை. எண்ணூர் பக்கம் புகைபோக்கி, மணலி பக்கம் டேங்க் என்று சாரம் கட்ட முடியாத இடங்களில் எங்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பெயிண்ட் அடிப்போம், வெல்டிங் பார்ப்போம். மலை வேலை வந்தது அதுதான் முதல் தடவை. ரோட்டில் பாறை உருளாமல் இருக்க மலைச் சரிவில் டிரில் போட்டு இரும்பு வலை அடிக்க வேண்டும். இரண்டு பேர் தொங்குவார்கள், ஒருவர் மேலே நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்வார். அந்த மூன்று பேரில் ஒருவருக்குத் தகுதியில்லை என்றாலும் மொத்தக் குழுவும் ரயிலேறித் திரும்ப வேண்டியதுதான். வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

குழுவில் ராயபுரத்து டேவிட் அண்ணன், என் வயதுக்காரன் பாபு, நான். டேவிட் அண்ணன்தான் எங்களுக்கு ஃபோர்மேன்.

"இன்னாத்துக்கு நைனா இத்தெல்லாம்? ஜீன்ஸ் கீது. உள்ள ஒரு தெர்மல வுட்டா மேட்டர் ஓவர்" என்றார் அண்ணன்.

பர்ச்சேஸ் மேனேஜருக்கு அவ்வளவு யோசனைகூடத் தேவைப்படவில்லை. "தண்ணி உள்ள போகக் கூடாது. அவ்ளோதானப்பா? ரெயின் பேன்ட் வாங்கிடு. ஒரே பேன்ட்ல எல்லாம் வந்துடணும்." சார் இதுவரை ஏறிய உயரம் எங்கள் ஆபீஸ் மாடி. அதுவும் லிஃப்ட் ஓடாத நாளில் கீழேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்.

நான் நெட்டில் படித்தேன். மலை ஏறுகிறவர்கள் அதிகம் போடுவது சாஃப்ட் ஷெல் பேன்ட் என்று இருந்தது. நெருக்கமாக நெய்த, இழுத்தால் நீளும் துணி. காற்றைத் தடுக்கும், தூறலைத் தட்டிவிடும், வியர்வையை வெளியே அனுப்பும். விற்கிறவர்கள் இத்தோடு நிறுத்தவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல எல்லாமே நல்ல குணமாக எழுதியிருந்தார்கள். பேன்ட் மூச்சு வேறு விடுமாம். எண்ணூரில் எங்களுக்கே அது சிரமம்.

மாதிரிக்கு ஒன்று வரவழைத்தேன். விலையைப் பார்த்த சார், "இதுக்குள்ள ஆளும் சேர்ந்து வர்றானா?" என்று கேட்டார். சோதித்துக் காட்டினால் யோசிப்பதாகவும் சொன்னார்.

2. ஐஸ் ஃபேக்டரி

சென்னையில் குளிருக்கு எங்கே போவது? காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி இருக்கிறது. அங்கே லோடு ஏற்றும் ஆட்கள் டேவிட் அண்ணனுக்கு வேண்டியவர்கள். பாபு ரெயின் பேன்ட்டில், அண்ணன் ஜீன்ஸில், நான் சாஃப்ட் ஷெல்லில். ஐஸ் அடுக்கும் ரூமில் மூன்று பேரும் வரிசையாகக் குந்தினோம். சார் சோதனையை மேற்பார்வை பார்த்தார், வெயிலில் நின்றுகொண்டு.

முதல் சுற்றில் ஜெயித்தது ரெயின் பேன்ட். பாபு காலாட்டிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தான். சாருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்."

"சார், அங்க போய் நாங்க உக்காரப் போறதில்ல. டிரில் போட்டு வேர்த்து, அப்புறம்தான் அசையாம தொங்கணும். வேல செஞ்சிட்டுப் பாக்கலாம்" என்றேன்.

வேலைக்கு அங்கே பஞ்சமில்லை. லோடு ஆட்கள் ஐஸ் பார் இழுக்கிற கொக்கியை எங்கள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். சோதனையால் உடனடியாகப் பலன் அடைந்தவர்கள் அவர்கள்தான். நன்றாக வேர்க்கும்வரை இழுத்துவிட்டு மறுபடி ரூமுக்குள் போய்க் குந்தினோம்.

கொஞ்ச நேரத்தில் பாபுவின் பல் தந்தியடித்தது. "மாமு, வேல செய்யும்போது உள்ள மீன் கொழம்பு மாரி கொதிச்சிச்சி. இப்ப நானே ஐஸ்ல போட்ட மீன் மாரி ஆயிட்டேன்." உள்ளே வியர்வை வெளியேற வழியில்லாமல் தொடையில் ஒட்டிக் குளிர்ந்துவிட்டது. அண்ணனுடைய ஜீன்ஸ் ஐஸ் தண்ணீரைக் குடித்து அட்டைபோல விறைத்திருந்தது. என் பேன்ட் மேலாக நனைந்திருந்தது, உள்ளே ஈரம் நிற்கவில்லை.

"நீ வேலையே செஞ்சிருக்க மாட்ட, அதான் காஞ்சிருக்க" என்றார் சார்.

வேறு வழியில்லை. எனக்கும் பாபுவுக்கும் ஒரே இடுப்பு. ஒரு தார்ப்பாயை மறைவாகப் பிடித்துக்கொண்டு பேன்ட்டை மாற்றினோம். அதற்குள் டீ முடிந்து லோடு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"இன்னாபா, ஐஸ் வாங்க வந்தியா, துணி மாத்த வந்தியா?"

"டேவிட்டு, இன்னா ஷூட்டிங்கு? ஈரோயின் எங்க?"

மறுபடி இழுத்தோம், மறுபடி குந்தினோம். இந்த முறை நடுங்கியது நான். பாபு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

டேவிட் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். "சார், அத்த அவன் போட்டா அவன் நடுங்குறான், இவன் போட்டா இவன் நடுங்குறான். பேஜாரு ஆள்ல இல்ல, பேன்ட்லதான் கீது. தம்பி சொல்றதயே வாங்கிக் குடு. எனுக்கும் சேத்து."

சார் சம்மதித்தார். ரெயின் பேன்ட்டும் ஆளுக்கு ஒன்று பையில் இருக்கட்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். எரிச்சலாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும், அதில் அவர் சொன்னது சரி. தூறலுக்குத் தாங்கும் சாஃப்ட் ஷெல், கொட்டும் மழைக்குத் தாங்காது. ஆர்டர் போடும்போது உள்ளே மெத்தென்று லைனிங் வைத்ததைக் காட்டி, "இதுல துணி அதிகம், இதையே போடு" என்றார். லைனிங் இல்லாததைப் போட்டேன். குளிர்ந்தால் உள்ளே தெர்மல் போடலாம், வேர்த்தால் கழற்றலாம். தைத்த லைனிங்கை எப்படிக் கழற்றுவது?

3. முட்டி

பேன்ட் வந்ததும் ஆபீஸ் மாடியில் போட்டுப் பார்த்தோம். அதன்மேல், கயிற்றில் தொங்க இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னெஸ் பெல்ட்டைக் கட்டினோம். பாக்கெட் ஜிப் பெல்ட்டுக்கு அடியில் மாட்டி இடுப்பைக் குத்துகிறதா, குந்தினால் கவட்டையில் பிடிக்கிறதா, முட்டியை மார்புவரை தூக்கினால் கால் ஓரம் மேலே ஏறி ஷூவுக்குள் கல் விழ வழி விடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று பேருக்கும் எல்லாம் சரியாக இருந்தது. அவரவர் பேன்ட்டை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

மலையில் முதல் நாள் காலை. மூச்சு விட்டால் புகை வந்தது. அங்கே சேஃப்டி பார்க்கிறவர் ஒரு பெண் இன்ஜினீயர். எங்களை ஹார்னெஸ் கட்டச் சொல்லி, முட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அண்ணன் தூக்கினார். நான் தூக்கினேன். பாபுவின் முட்டி பாதியில் நின்றுவிட்டது. கால் ஓரம் ஷூவை மூடாமல் கணுக்காலை இறுக்கிக்கொண்டிருந்தது.

"இவர் கயிற்றுக்கு வேண்டாம்" என்று இந்தியில் சொன்னார். ஒருவர் போனால் மூன்று பேரும் போகிற கணக்கு.

"டேய், பேன்ட்ட இன்னாடா பண்ண?" என்றார் அண்ணன்.

"டெய்லராண்ட குட்த்து சொம்மா லைட்டா புட்ச்சேண்ணே. தொளதொளன்னு பைஜாமா மாரி இருந்திச்சி. போட்டோ எடுத்தா நல்லா இருக்கணும்ல?"

அவனைத் திட்டியும் பிரயோஜனமில்லை. எங்கள் பக்கம் புதுப் பேன்ட் என்றால் வழியிலேயே டெய்லர் கடையில் கொடுத்து இறுக்கமாகப் பிடித்துத் தைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம். கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான், காலேஜுக்குப் போனாலும் அப்படித்தான். மலையை மட்டும் அவன் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

அண்ணன் பேன்ட்டைக் கழற்றச் சொன்னார். பாபு பையிலிருந்து சாரின் ரெயின் பேன்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு நின்றான். அண்ணன் பேன்ட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்துக் கத்தினார். "வெட்டல நைனா! உள்ள மடிச்சித்தான் அட்ச்சிகீறான்!"

நம் டெய்லர்கள் துணியை லேசில் வெட்ட மாட்டார்கள். நாளைக்கு ஆளுக்குத் தொப்பை போட்டால் பிரித்துக் கொடுக்க வேண்டும் அல்லவா? அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிளேடை வைத்துக்கொண்டு தையலைப் பிரித்தோம். விரல் மரத்துப்போய் இரண்டு இடத்தில் என் விரலையே பிரித்தேன். அந்த இன்ஜினீயர் டீ கிளாசோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாபு போட்டுக்கொண்டு முட்டியைத் தூக்கினான். மார்புவரை வந்தது. இரண்டு காலிலும் மேலிருந்து கீழ்வரை ஊசி ஓட்டை வரிசையாகத் தெரிந்தது. இன்ஜினீயர் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "இந்த வழியாகக் காற்று போகும். குளிர்ந்தால் சொல்ல வேண்டும், அடக்கிக்கொண்டு தொங்கக் கூடாது" என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கயிற்றைக் காட்டினார்.

அன்று முழுக்கக் காற்று அடிக்கும்போதெல்லாம் பக்கத்துக் கயிற்றிலிருந்து பாபுவின் குரல் வந்துகொண்டே இருந்தது. "மாமு, டெய்லர் இன்னும் தச்சிகினே கீறாண்டா!"

வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பினோம். மலைக்குப் பேன்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கடையிலேயே ஹார்னெஸ் கட்டிக் குந்துங்கள், முட்டியை மார்புவரை தூக்குங்கள், அதற்கப்புறம் அதில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் எங்கேயும் தொங்கப் போவதில்லை.