சும்மா கூட இருந்தவள்

என் அறைத்தோழி தேறவில்லை என்று பல்கலைக்கழகம் முடிவு சொன்ன அன்று மத்தியானம், அவள் பால் காய்ச்சிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லக்கா" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாத்திரத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே சலவைக்கடை. யார் தலையிலாவது விழுந்து தொலைத்தால் அதற்கும் இவள்தான் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்பாள் என்பதால் விட்டுவிட்டேன்.

நான் இந்த ஊர் மருத்துவமனையில் நர்ஸ். வந்து வருஷக்கணக்காகிறது. அவள் ஒரே ஒரு செமஸ்டர் படிக்க வந்தவள். கட்டடக்கலை. நம்மூரில் அவள் படிக்கும் கல்லூரி அனுப்பிவைத்தது. இங்கே செய்யும் பெரிய பாடத்தில் தேறினால்தான் இந்த அரை வருஷம் அங்கே கணக்கில் சேரும். தேறாவிட்டால் போய், தனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் மூலமாக என் வீட்டின் இரண்டாவது அறைக்கு வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே நான் அவளுக்குப் 'பரவாயில்லை' என்று பெயர் வைத்துவிட்டேன். வெந்நீர் வரவில்லையா, பரவாயில்லை. அவள் குடையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா, பரவாயில்லை. பஸ்ஸில் ஒருவன் இவள் காலை மிதித்தபோது இவள் அவனிடம் 'ஸாரி' சொன்னதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பாடம் என்னவென்றால், நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன மருந்தகத்தை வடிவமைக்க வேண்டும். வரைபடம் வேண்டும், அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரிக் கட்டடமும் வேண்டும். இவள் குழுவில் ஒருவன் வாயைத் திறந்தால் மூடமாட்டான். அவனைத் தலைவர் என்று வைத்துக்கொள்வோம், அவனே அப்படித்தான் வைத்துக்கொண்டான். இன்னொருத்தி எப்போதும் செல்போனும் கையுமாக இருப்பவள். மூன்றாமவன் தூங்குமூஞ்சி. மூன்று பேரும் பந்திக்கு முந்துகிறவர்கள். படைக்கு இவள் இருந்தாள்.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட்டு மாதக்கணக்காயிற்று. அதன்மேல் மருந்தகம் எழும்பிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் ஏறுவதற்கான சாய்தளத்தை மட்டும் எத்தனை முறை வெட்டி எறிந்தாள் என்று எனக்கே தெரியாது. "கை வலிக்காம ஏற முடியணும்க்கா" என்பாள். கடைசியில் என் வார்டில் கெஞ்சி ஒரு பழைய சக்கர நாற்காலியை வாங்கிக் கொடுத்தேன். மருத்துவமனைக்குப் பின்புறச் சரிவில் என்னை உட்காரவைத்துத் தள்ளினாள். பிறகு அவளே உட்கார்ந்து, மூச்சு வாங்க, தானே சக்கரத்தை உருட்டி ஏறிப் பார்த்தாள். கட்டர் பட்டுப் பட்டு அவள் இடது கை விரல்களில் பிளாஸ்திரி இல்லாத விரலே கிடையாது. ஒட்டிவிட்டது நான்தான், அதனால் தெரியும்.

கடைசி நாள் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம். நான்கு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, இதில் உன் பங்கு என்ன என்று ஒவ்வொருவரையும் பேராசிரியர் கேட்பார். அவரவர் வாயால் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் ஆளாளுக்கு மதிப்பெண். தலைவர், ஒட்டுமொத்த வேலையையும் ஒருங்கிணைத்தது நான்தான் என்றான். செல்போன்காரி, கருத்து என்னுடையது என்றாள். தூங்குமூஞ்சிகூட விழித்துக்கொண்டு, மாதிரிக் கட்டடத்துக்குப் பொறுப்பு நான் என்றான். பொறுப்பாம்! தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தது அவன். அதுதான் பொறுப்பு.

கடைசியாக இவள் முறை. இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நான் சும்மா கூட இருந்தேன். ஏதோ கொஞ்சம் உதவி பண்ணேன். எல்லாம் இவங்கதான்."

பேராசிரியர் தலையாட்டினார். எழுதிக்கொண்டார். சும்மா கூட இருந்தவளுக்குச் சும்மாதானே மதிப்பெண் போடுவார்கள்? மற்ற மூன்று பேரும் தேறினார்கள். நோகாமல் நுங்கு தின்பது என்று நம்மவர்கள் சொல்வதை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"ஏண்டி அப்படிச் சொன்ன?" என்று கத்தினேன்.

"வேற எப்படிக்கா சொல்றது?" என்றாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வளர்ந்த விதம் அப்படி. அப்பா இரும்புக்கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர். பள்ளியில் இவள் முதல் மதிப்பெண் வாங்கியபோது, கடைக்கு வந்தவரிடம், "ஏதோ தப்பிச்சுப் பாஸாயிட்டா" என்றாராம். வந்தவர், "என்னங்க இப்படிச் சொல்றீங்க? பள்ளிக்கூடத்துலயே முதல் பொண்ணு!" என்று கடை அதிர ஊருக்கே கேட்கும்படி சொன்னாராம். அப்பா கீழே இறக்குவார், வந்தவர் மேலே தூக்குவார். அப்படித்தான் அந்த வீட்டில் புகழ் வந்து சேரும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இறக்கிவைத்ததைத் தூக்க எதிரே ஒரு மனுஷன் இருக்க வேண்டாமா?

சரி, இவள்தான் பச்சைப்பிள்ளை. அந்தப் பேராசிரியருக்குக் கண் எங்கே போயிற்று? வாராவாரம் அந்த வகுப்பறைக்குள் வந்து போகிறவர். யார் விரலில் பிளாஸ்திரி, யார் விரலில் நகப்பூச்சு என்று பார்த்தாலே தெரிந்திருக்குமே! அழுத பிள்ளைக்குத்தான் பால் என்றால், வாத்தியார் எதற்கு?

முறையீடு செய்ய வழி இருந்தது. குழுவினர் முன்னிலையில், என் பங்கு இது என்று அவளே சொல்ல வேண்டுமாம். அவ்வளவுதான் விதி. அவ்வளவுதானா? இவளைப் பொறுத்தவரை, மலையைப் புரட்டு என்றிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை நடத்தினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு நான் பேராசிரியராக உட்கார்ந்தேன்.

"சாய்தளத்தை யார் வரைஞ்சது?"

"நாங்க..."

"நாங்கன்னா யாரு? உன் பாட்டனும் பூட்டனுமா?"

"நான்... ஆனா அவங்களும்..."

"அவங்களும் என்ன பண்ணாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "பாத்தாங்கக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நானே என்னைப் பத்திப் பெருமையா பேசணும்னா உடம்பே கூசுதுக்கா" என்றாள். குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

குறித்த நாளில் நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். துணைக்கு ஒருவர் இருக்கலாம், ஆனால் பேசக் கூடாது என்றார்கள். என்னைப் பேசக் கூடாது என்பது, நெருப்பைச் சுடாதே என்பது மாதிரி. ஆனாலும் மூலையில் ஒரு நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று பேரும் எதிரே வரிசையாக இருந்தார்கள். மேஜைமேல் அந்த அட்டை மருந்தகம்.

"அன்னைக்கு நீங்க சொன்னதைத்தான் நான் எழுதினேன்" என்றார் பேராசிரியர். "இப்ப என்ன சொல்லணும்?"

"நாங்க..." என்று ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நின்றுவிட்டாள். அப்புறம் அவள் குரல் மெதுவாக வந்தது.

"வரைபடம் நான் வரைஞ்சது. இந்த மாதிரிக் கட்டடம் நான் வெட்டி ஒட்டினது. சாய்தளத்தை நான் நாற்காலியில உக்காந்து ஏறிப் பாத்துட்டுத்தான் வெச்சேன். இதுல இவங்க யாருமே எதுவும் செய்யல."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்படின்னா அன்னைக்கு ஏன் எல்லாம் நாங்கதான்னு சொன்ன? உன்னை யாராவது சொல்லச் சொன்னாங்களா?" என்று கேட்டான்.

இவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்த அரை வருஷத்தில் அவள் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"எங்க வீட்டுல ஒரு வேலையைச் செஞ்சவங்க, நான் செஞ்சேன்னு சொல்ல மாட்டாங்க. கூட இருந்தவங்கதான் சொல்லுவாங்க. 'இல்ல சார், அவதான் எல்லாம் செஞ்சா'ன்னு நீங்க மூணு பேர்ல யாராவது ஒருத்தர் சொல்லுவீங்கன்னு அங்கேயே காத்துக்கிட்டு நின்னேன்."

செல்போன்காரி முதல்முறையாகச் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். தூங்குமூஞ்சி தரையைப் பார்த்தபடி, "அவ சொல்றது நிஜம்தான்" என்று முனகினான். இப்போது சொல்கிறான்! வெந்தபின் அடுப்பை மூட்ட வந்த மகராசன்.

தேறிவிட்டாள் என்று சொல்லி அனுப்பினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்தப் பேராசிரியர் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த தடவை தெளிவாகப் பேசுங்கள் என்று அவளுக்குத்தான் புத்திமதி சொன்னார். பஸ் ஸ்டாப் வரை நான் திட்டிக்கொண்டே வந்தேன்.

செமஸ்டர் முடிந்தது. பெட்டி கட்டும் சாயங்காலம் வீட்டிலிருந்து போன். கைவேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அப்பாவோடு பெரியப்பாவும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"படிப்பெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா உன் பொண்ணுக்கு?" என்று பெரியப்பா கேட்பது காதில் விழுந்தது.

"ஆங், ஏதோ நாலு பேரோட சேந்து ஒப்பேத்திட்டா" என்றார் அப்பா.

இவள் மடித்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றாள். பெரியப்பா வாயிலிருந்து வரவேண்டியது வருமா என்று அவள் காத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நானும் காத்திருந்தேன்.

"ஆமா, இப்ப யாரு போகல? எல்லாப் பிள்ளைங்களும்தான் போகுதுங்க வருதுங்க. அதை விடு, அந்தக் கிழக்குப் பக்கத்து மனை என்ன ஆச்சு?" என்றார் பெரியப்பா.

பொறுத்தது போதும் என்று போனை எடுத்தேன். "ஐயா, நான் இவளோட தங்கியிருக்கிறவ பேசுறேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். மேஜையைச் சொன்னேன், விரல்களைச் சொன்னேன், சரிவில் மூச்சு வாங்கியதைச் சொன்னேன். மூன்று பேரையும் எதிரே வைத்துக்கொண்டு அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "நாலு பேரோட சேந்து இல்லைங்க ஐயா. நாலு பேர் வேலையையும் இவ ஒருத்தி செஞ்சா." முன்பெல்லாம் நான் இப்படி ஆரம்பித்தால் என் கையைப் பிடித்து இழுப்பாள். அன்றைக்கு இழுக்கவில்லை.

அந்தப் பக்கம் பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். பிறகு அப்பா, என்னிடம் இல்லை, அவளிடம் கேட்டார்.

"இவ்வளவு நடந்திருக்கு. எங்கிட்ட ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் போனுக்கு அருகில் வந்து குனிந்தாள்.

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."