அம்மனுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று

"தம்பி, எங் காலக் காட்டுங்க" என்றபடியே பூவாயியக்கா கடைக்குள் நுழைகிறாள். ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா பஜாரில் கருவாடும் வெற்றிலையும் வாங்கியான பிறகு, தோட்டத்து பஸ் ஏறுமுன் அவளுக்கு இது ஒரு வேலை. 2006இல் ஹட்டனிலிருந்து கம்பியூட்டர் இறக்கி நான் இன்டர்நெட் கடை போட்டதே இந்த ஒரு காலைக் காட்டத்தானோ என்று சில நாள் தோன்றும். நாற்காலி கொடுத்தால் உட்காரமாட்டாள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பாள்.

படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கும். "முட்டி வந்துருச்சு... இந்தா, புண்ணு வந்துருச்சு" என்று பின்னாலிருந்து அறிவிப்பு நடக்கும். ஒரே காலின் இரண்டு படங்கள்: இடப்பக்கம் அழுகிய புண், வலப்பக்கம் ஆறிய தழும்பு. கடைசியில், பெருவிரல்மேல் ஏறிக் கிடக்கும் அடுத்த விரல். "நம்ம வெரலுதான்!" என்று சிரிப்பாள். வேறு யாருடையதாக இருக்கும் என்று நானும் கேட்டுவைப்பேன்.

அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து வந்த புண் அது. வருஷக்கணக்கில் ஆறவில்லை. மலையேறித் தேயிலைக் கொழுந்து பறிக்க முடியாமல் தோட்டத்து லயத்து அறையிலேயே முடங்கிப் போனாள். ஆற்றியவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் சிவரூபன். சுகமானதும் அவளிடம் கேட்டாராம்: "அம்மா, உங்கட கால் படத்தை இன்டர்நெட்டில போடட்டோ? முகம் வராது. மற்ற டொக்டர்மார் பார்த்துப் படிக்கலாம், ஆனா ஒருத்தரும் வியாபாரத்துக்கு எடுக்கேலாது. விருப்பமில்லையெண்டாச் சொல்லுங்கோ, அதுக்காக வைத்தியம் நிக்காது."

இவள் யோசிக்கவே இல்லை. "கால் சொகமானதுக்கு மாரியம்மனுக்கு வெள்ளியில கால் செஞ்சு போட்டேனுங்க. அது ஆத்தாவுக்கு. இது ஒங்களுக்கு. தாராளமாப் போடுங்கய்யா."

அன்றுமுதல் அந்த இணையப் பக்கம் அவளுக்கு இன்னொரு சந்நிதி. இவ்வளவு நன்றி வைத்திருக்கிற மனுஷியை நான் கண்டதில்லை. இதை எழுதவும் அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "மிஸ்ஸி பேரயும் போட்டுருங்க" என்றாள், புண்ணுக்குக் கட்டுப்போட்ட நர்ஸை நினைத்து.

போன மாதம் பஸ் ஸ்டாண்டடியில் வீரய்யா என்றொரு தைல வியாபாரி கடை விரித்தான். பின்னால் பெரிய காகிதப் போஸ்டர். அதில் அதே கால், அதே விரல்! 'எங்கள் தைலம் ஒரே மாதத்தில் ஆற்றியது' என்று மேலே கொட்டை எழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறன்று அக்கா வந்ததும் விஷயத்தைச் சொல்லி, டொக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பாவம், எவனோ செய்த திருட்டுக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். "வேணுமெண்டா இப்பவே படத்தை எடுத்துவிடுறன் அம்மா. அது உங்கட உரிமை."

"சாமிக்குப் போட்டதத் திருப்பி எடுப்பாங்களா? அது கெடக்கட்டுங்கய்யா. உண்டியல்ல கைய வச்சவன நான் பாத்துக்கிறேன்."

போனை என் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். வீரய்யாவின் தைலப் பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்து, சேலையை முழங்கால்வரை சுருட்டினாள். கூட்டம் படத்தையும் காலையும் மாறிமாறிப் பார்த்தது.

"நல்லாப் பாத்துக்கங்க, இது எங் காலு. யோவ், ஒன் எண்ணெய நான் எப்பய்யா பூசினேன்? ஆத்துனது எங்க டாக்டரய்யா. மூக்கப் பொத்தாமக் கழுவிக் கட்டுனது குணபூசணி மிஸ்ஸி. அவங்க பட்ட பாட்ட நீ வித்துத் திங்கிறியா?"

"இன்டர்நெட்டுல சும்மாதாம்மா கெடந்துச்சு..." என்று இழுத்தான் வீரய்யா.

"கோயில்லயுந்தான் வெள்ளிக்கால் சும்மா கெடக்கு. எடுத்துருவியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் அவசரமாகப் போஸ்டரை உருவிக் கசக்கி, சாக்கடைக் கானுக்குள் எறியப் போனான். அக்கா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள். தைலத்தின் பெயர் இருந்த மேல்துண்டைக் கிழித்து அவன் பெட்டிமேல் போட்டாள். கால் இருந்த மீதியை உள்ளங்கையால் நீவி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.