சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன்

செம்பாக்கத்தில் ஏரியை ஒட்டி மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். நானும் என் தங்கை புருஷனும் ஒன்றாகத்தான் பெயின்ட் வேலைக்குப் போவோம். உயரமான இடமெல்லாம் அவன் பங்கு. அவனுக்குப் பயமே கிடையாது என்று பெருமையாகச் சொல்லுவேன். எனக்குப் பயம் என்பதுதான் உண்மை.

அந்த வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு நான்கே நாள். மாடிப்படிச் சுவர் மட்டும் பாக்கி. கீழே புதிதாகப் பாலிஷ் போட்ட மொசைக் தரை. ஏணி வழுக்காமலிருக்க ஈரச் சாக்கை விரித்தோம். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"சாக்கை எடுங்கப்பா, தரை கறையாயிடும்."

"ஏணி நிக்காது சார்."

"ஒருத்தர் புடிச்சுக்குங்க."

நான் பிடித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் மேலிருந்து, "பெயின்ட் தீந்துச்சு மச்சான், கலக்கி எடுத்துகினு வா" என்றான். இறங்கிவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வாசலுக்குப் போனேன். சத்தம் கேட்டது.

குதிகால் இரண்டும் தரையில் மோத விழுந்து, அப்படியே உட்கார்ந்திருந்தான். ஓடிவந்த வீட்டுக்காரர் முதலில் தரையைத்தான் பார்த்தார். ஆட்டோவில் ஏற்றும்போது என் காதருகே வந்தார்.

"ஆஸ்பத்திரில சைக்கிள்லேர்ந்து விழுந்தான்னு சொல்லுப்பா. போலீஸ் அது இதுன்னு வந்தா விசேஷமே கெட்டுடும்."

டாக்டர் கேட்டபோது அவன் என் முகத்தைப் பார்த்தான். "சைக்கிள் சார்" என்றேன். காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். முதுகு வலிக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். விழுந்த வலி, போய்விடும் என்றேன்.

மறுநாள் அந்தச் சுவரை நான்தான் முடித்தேன். சாக்கை வீட்டுக்காரரே கொண்டுவந்து விரித்தார்.

வலி போகவில்லை. கட்டுப் பிரித்துப் பல மாதம் கழித்து வேறொரு டாக்டர் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு நசுங்கிக் கோணலாகக் கூடியிருந்தது.

"சைக்கிள்லேர்ந்து விழுந்தா இப்படி ஆகாதே. பழைய சீட்டுல அப்படித்தானே எழுதியிருக்கு?"

கூட வந்திருந்த என் தங்கை என் பக்கம் திரும்பினாள். ஏணியிலிருந்து விழுந்தது அவளுக்குத் தெரியும். நான் சொன்ன பொய் தெரியாது.

"சைக்கிள்னு யாருண்ணா சொன்னது?"

"நான்தான்."

"உயரத்துலேர்ந்துன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முதுகையும் பார்த்திருப்பாங்க" என்றார் டாக்டர்.

அதன்பிறகு அவனால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. தங்கை பீர்க்கன்கரணையில் வீடுகளுக்குச் சமைக்கப் போனாள். என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

என் பெண் கல்யாணத்துக்கு அவன் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"தங்கச்சி வரலியா மாப்ள?"

"வேலை கீது மச்சான். வரணும்னுதான் சொன்னா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.