எந்தப் பக்கத்து வெள்ளை?

கோவில்பதாகையில் நான் உரித்த பூண்டாகப் பிறந்தேன். முடி, புருவம், இமை எல்லாமே வெள்ளை. அப்பாவும் அம்மாவும் நல்ல கறுப்பு. யார் பக்கத்திலிருந்து இது வந்தது என்ற சண்டை எங்கள் வீட்டில் தினமும் நடந்தது.

"உன் அப்பனப் பெத்தவன் ரத்தம்டி இது!" என்பார் அப்பா.

"உங்க அம்மாவப் பெத்தவன் ரத்தம்!" என்பாள் அம்மா.

அம்மா, அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள். ஆகவே இருவரும் திட்டியது ஒரே கிழவரைத்தான். பாவம், அவர் செத்தும் நிம்மதியில்லை. அப்பா அம்மா இருவரிடமும் ஒளிந்திருக்கிற மாறிய மரபணு ஒன்றுசேர்ந்தால்தான் பிள்ளை இப்படிப் பிறக்கும் என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். அதற்குள் சண்டை போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பக்கத்து ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியது. வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பார்த்ததும் ஊருக்கு என் பிறப்பின் ரகசியம் புரிந்துவிட்டது. அவர்கள் வந்தபோது நான் தாவணி போட்ட பெண். வம்பு பேசுகிறவர்கள் அதையெல்லாமா யோசிப்பார்கள்?

எனக்குக் கல்யாணப் பேச்சு எழுந்தது. முறைப்படி மாமன் மகனுக்குத்தான் என்றார் அப்பா. அவனோ என்னைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பான். அவனோடு காலம் தள்ளுவதைவிடக் கிணற்றில் குதிக்கலாம் என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில் தரகர் சென்னீர்குப்பத்திலிருந்து மல்லித்தோட்டக்காரர் ஒருவரை அழைத்துவந்தார்.

தாயும் மகனுமாக வண்டி கட்டி வந்தது உச்சிவெயிலில். முற்றத்து வெளிச்சத்தில் எனக்குக் கண் திறக்கவில்லை. தாம்பூலத் தட்டை வண்டிக்காரனிடம் நீட்டி நாணத்தோடு நின்றேன். அவன் பாக்கை வாயில் போட்டுக்கொண்டான்.

"மாப்ள நானு, இங்க கீறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அத்த வுடு. எங்க ஊட்ல வெயில் ஏறதுக்குள்ள பூப்பறிச்சு முடிஞ்சிடும். உனக்குத் தோதான வேல."

அங்கேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்: "இது எந்தப் பக்கத்துல வந்துது?"

அப்பா அம்மாவைக் காட்டினார். அம்மா அப்பாவைக் காட்டினாள்.

"ரெண்டு பேரும் ஒரே ஊட்டு ஆளுங்கதானே? வெத நெல்லுன்னா மட்டும் பக்கத்தூர்ல மாத்தி வாங்கினு வரீங்கோ. பொண்ணுன்னா அதே கொல்லையிலயே போடுவீங்களா?"

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். அடுத்த தையில் எனக்குக் கல்யாணம்.

உறவு விட்டுப்போகக் கூடாதென்று மாமன் மகனுக்கு என் தங்கையைக் கொடுத்தார்கள். எனக்குப் பிறந்தவன் என் வீட்டுக்காரரைப் போலக் கன்னங்கரேல். "வெள்ளச்சிக்கு எப்படி இந்தக் கலர்ல?" என்று இங்கேயும் வம்புதான். ஊர் மாறினால் கேள்வி திரும்பிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பிறகு தங்கைக்குப் பிரசவம் என்று ஆள் வந்தது. ஓடினேன். வீடே இழவு விழுந்ததுபோல் இருந்தது. விரல் நீட்ட இந்தத் தடவை யாருக்கும் ஆள் அகப்படவில்லை. தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

"அழுவாத. வெயில்ல தூக்கினு போனா தலையில துணி போடு, போதும்" என்று குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளைப் புருவம். வெள்ளை இமை. என் சாயலில் ஒரு முகத்தை அந்த வீட்டில் நான் பார்த்ததே கிடையாது. எனக்கு வந்த சந்தோஷம் வெளியே தெரியாமலிருக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.