ஒரே பந்து, ஒரே வலை

வாலிபாலுக்கும் த்ரோபாலுக்கும் பந்து ஒன்றுதான், வலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வாலிபாலில் பந்தைப் பிடிக்கக் கூடாது, அடிக்க வேண்டும். த்ரோபாலில் அடிக்கக் கூடாது, பிடித்து எறிய வேண்டும். இவ்வளவுதான் வித்தியாசம். இதை வைத்துக்கொண்டு என் மகள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக வரும்.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் பம்புசெட்டு சாமான் கடை வைத்திருந்தேன். சாயங்காலம் கொஞ்ச நேரம் கடையைச் சாத்திவிட்டு, எங்கள் கிறிஸ்தவ ஆலயத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்கு வாலிபால் ஆடப் போவேன். மகளும் கூடவே வருவாள். வெளியே ஓடும் பந்தை எடுத்துப் போடத்தான் வந்தாள். ஒருநாள் ஆள் குறைந்தது, உள்ளே நின்றாள். அப்புறம் அவளை வெளியே நிறுத்த யாராலும் முடியவில்லை.

எங்கள் சபையில் வருஷா வருஷம் அசனப் பண்டிகை நடக்கும். சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து, பந்தி போட்டுச் சாப்பிடுவோம். அன்று சாயங்காலம் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் வாலிபால் போட்டி. மகளுக்குப் பதினோரு வயதிருக்கும்போது ஆகாதவர்கள் பக்கம் நின்றாள். அவள் போட்ட சர்வீஸ் நேரே என்னிடம்தான் வந்தது. எடுக்க முடியாமல் மண்ணில் உருண்டேன். சபையே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அவள் பெரியவளாகித் தாவணி போட்டாள். அந்த வருஷ அசனத்துக்கு முன்னால் சபை மூப்பர் ஒருவர் கடைக்கு வந்தார். வால்வு விலையெல்லாம் விசாரித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். வயசுக்கு வந்த பிள்ளையை அந்த இளவட்டங்களோடு நிறுத்தினால், எவனுக்காக நிற்கிறாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்பம் கல்யாணமானவங்க பக்கம் என்கூட நிக்கட்டும்” என்றேன்.

“அது அதவிட மோசம்லா அண்ணாச்சி” என்றார் அவர், சிரிக்காமல்.

என் மனைவியும் மூப்பர் பக்கம்தான். பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் மகளை த்ரோபாலுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், அங்கே எல்லாம் பெண் பிள்ளைகள், அதை ஆடட்டுமே என்றாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்த பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்பதெல்லாம் ஓர் ஆட்டமா என்பது அவள் கேள்வி. எனக்கும் அதே கேள்விதான்.

டீச்சரிடம் போய், பெண்களுக்கு வாலிபால் அணி ஒன்று தொடங்கக் கூடாதா என்று கேட்டேன். ஆறு பேரைக் கூட்டி வாருங்கள், தொடங்குகிறேன் என்றார் அந்த அம்மாள். நியாயமான பேச்சு. பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டிலும் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

கடைசியில் மகளையே கூப்பிட்டு, உனக்கு எது வேண்டும் சொல் என்றேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. கடையில் இருப்பதே ஒரு சாமான், அதில் எது வேண்டும் என்று கேட்டால் என்ன அர்த்தம்?

“நீங்களே சொல்லுங்கப்பா” என்றாள்.

த்ரோபால் என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டாள். சண்டை போட்டிருந்தாலாவது என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

முதல் போட்டி புளியங்குடியில். பஸ் ஏறி நானும் போனேன். பந்து உயரமாக அவளைத் தேடி வந்தது. எம்பினாள், ஒரே அடி. எதிர்ப்பக்க மூலையில் பந்து விழுந்த அழகைப் பார்த்துக் கைதட்டிவிட்டேன். நான் ஒருவன்தான் தட்டினேன். விசில் ஊதி, தப்பு என்று பாயிண்டை அந்தப் பக்கம் கொடுத்தார்கள். அடுத்து வந்த பந்தையும் அடித்தாள். அதற்கடுத்ததையும் அடித்தாள். டீச்சர் அவளை வெளியே உட்காரவைத்தார். திரும்பும்போது பஸ்ஸில், “கை தானாப் போவுதுப்பா, நா என்ன செய்ய?” என்று கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் என் மகள் பிடிவாதக்காரி. வீட்டுச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துப் பழகினாள். சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்தது, என் மனைவி ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த வருஷம் மகள்தான் பள்ளிக்கூட அணிக்குக் கேப்டன். கோப்பையும் வந்தது. ஆலயத்தில் மூப்பர் எழுந்து நின்று அவளைப் பாராட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் ஒருநாள் டிரில் டீச்சர் கடைக்கே வந்தார். மாவட்டத்தில் பெண்களுக்கு வாலிபால் அணி எடுக்கிறார்களாம், மறுநாளே ஆள் தேர்வாம், மகளை அனுப்புங்கள் என்றார். கடையைச் சாத்தினேனா இல்லையா என்றே ஞாபகம் இல்லை, வீட்டுக்கு ஓடினேன். மகளை அப்படியே மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் தூக்கிப் போட்டேன்.

எம்பினாள். பிடித்தாள்.

பழக்க தோஷம் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுபடி போட்டேன். மறுபடியும் பிடித்தாள். அடி மக்கா, அடி என்று கெஞ்சினேன். அப்புறம் கோபம் வந்து கத்தினேன். எப்படிப் போட்டாலும் பந்து அவள் இரண்டு கைக்குள்ளும் போய்ப் பத்திரமாக உட்கார்ந்தது.

“போதும்ப்பா, விடுங்க” என்று பந்தை என்னிடம் நீட்டினாள். “இப்பிடிப் பிடிக்கதுக்கு நா எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா?”

அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.