தம்பிக்குக் கிடைத்த பெயர்

என் மகனுக்கு நான்கு மாதம் ஆகிறது. பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. தினம் ஒரு பெயரை எழுதிப் பார்க்கிறேன். யாருக்காவது மனம் நோகுமோ என்று அடித்துவிடுகிறேன். அப்போதெல்லாம் தம்பிக்குப் பெயர் வைத்த நாட்கள் நினைவுக்கு வரும். அன்று நான் எட்டு வயதுப் பெண்.

ஓசூரில் அப்பாவின் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா வீட்டார் கத்தோலிக்கர்கள். அம்மா சிங்காரப்பேட்டையில் சீர்திருத்த சபைக் குடும்பத்தில் பிறந்தவள். தம்பி பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு அம்மாவின் அப்பா இறந்துபோனார். வயிற்றுப் பிள்ளைக்காரி போகக்கூடாது என்று அடக்கத்துக்கு அவளை அனுப்பவில்லை. அவர் பெயர் பேதுரு. அதைத் தம்பிக்கு வைக்கலாமா என்று அம்மா ஒரே ஒருமுறைதான் கேட்டாள்.

“மொதப் பையனுக்கு எங்கப்பா பேருதான். அது உங்க கோயில் பேரு, நமக்கு வேணாம்” என்றாள் அத்தை. அத்தை அப்பாவின் அக்கா. அவள் பேச்சுக்கு அப்பாவே மறுபேச்சுப் பேசமாட்டார். காலமான எங்கள் தாத்தாவின் பெயர் ராயப்பன்.

“சரிங்க அண்ணி, ராயப்பன்னே வைங்க” என்றாள் அம்மா.

அடக்கமான மருமகள் என்று எல்லோருக்கும் திருப்தி. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா, “ராயப்பாவா? எங்க மாமா பேரும் அதேதான்” என்று எங்களையும் தன் சொந்தத்தில் சேர்த்துக்கொண்டாள். எனக்கு மட்டும் கோபம். அம்மா தோற்றுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொன்னார்: “பெரியவங்க ராயப்பர்னு சொல்றது, பைபிள்ல பேதுருன்னு வர்றது, இங்கிலீஷ்ல பீட்டர்ங்கறது, எல்லாம் ஒரே ஆளுதான்.”

வீட்டுக்கு ஓடினேன். துணி அலசிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை.

“தெரியும். ஞானஸ்நானம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத கண்ணு. அத்தைக்குத் தெரிஞ்சா வேற பேரு வெச்சிடுவாங்க.”

ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் சுபாவத்துக்கு அது பெரிய சாதனை. சனிக்கிழமை, மறுநாள் ஞானஸ்நான விருந்துப் பிரியாணிக்காகப் பூண்டு உரிக்க என்னை உட்காரவைத்துக்கொண்டு அத்தை பேசிக்கொண்டே இருந்தாள்.

“எங்கப்பாவே திரும்பி வந்துட்டாரு. பேருன்னா இது பேரு. அந்தப் பேரெல்லாம் நம்ம வீட்டுக்கு ஒட்டுமா?”

பொறுக்கமுடியவில்லை. “ரெண்டும் ஒரே பேருதான் அத்தை. சிஸ்டரே சொன்னாங்க.”

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அத்தை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

“தோலோட போடற பாரு. ஒழுங்கா உரி” என்றாள் அத்தை.

அவளுக்குக் காது மந்தம் என்று நினைத்து நான் நிம்மதியானேன். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அத்தைதான் பிள்ளையைக் கையில் ஏந்திப் பெயர் சொல்லும் ஞானத்தாய். பிள்ளைக்கு என்ன பெயர் என்று சாமியார் கேட்டபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ராயப்பன்” என்றாள் அத்தை, கோயில் முழுக்கக் கேட்கும்படி.

எல்லாம் முடிந்து வெளியே படியில் நின்றபோது, ஈரத் தலையோடு இருந்த தம்பியை அத்தை அம்மாவின் கையில் கொடுத்தாள். குரல் எப்போதும்போல் கறாராகவே இருந்தது.

“இங்க பாரும்மா. மாமனார் பேரச் சொல்லிக் கூப்பிடறது நம்ம பழக்கமில்ல. உன் வாயால ராயப்பன்னு கூப்பிடக் கூடாது. உங்க கோயில்ல எப்பிடிச் சொல்லுவீங்களோ, அப்பிடியே கூப்பிட்டுக்க.”

அம்மா தம்பியின் முகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் இஷ்டத்துக்குப் பெயரை வைத்துவிட்டு, பெற்றவள் அதைச் சொல்லவும் கூடாது என்கிறாளே. மதியம் பந்தியில் அத்தை தேடி எடுத்து என் இலையில் வைத்த கறித்துண்டை, அம்மாவுக்காக, நான் தொடவே இல்லை.