அறுந்து போகாத கயிறு

இன்று காலை கடையில் உட்கார்ந்திருந்தபோது சட்டைப் பையில் இருந்த செல்போன் ஊளையிட்டது. எனக்கு மட்டுமில்லை. சாக்கு வாங்க வந்தவர், எதிர்க்கடைப் பெண், தெருவில் போன ஆட்டோக்காரர் என்று எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தின. கல்வராயன் மலையில் மிகக் கனமழை, ஆற்றோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று எழுத்து வந்தது. சாக்கு வாங்க வந்தவர் அதை அமுக்கிவிட்டு, "இது இன்னாத்துக்குங்க இப்பிடிக் கத்துது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. போன் மேல் இல்லை. கல்லாவைக்கூடப் பூட்டாமல் எழுந்து போனேன். எங்கே போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் கடையைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் எங்களுடையது கயிறும் சாக்கும் விற்கிற கடை. புதுச் சாக்குக் கட்டைப் பிரித்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வரும். அது சட்டையில் ஏறும், தலைமுடியில் ஏறும், கடைசியில் ஆள் மேலேயே ஏறிவிடும். கல்யாணத்தன்று அத்தரை அள்ளிப் பூசிக்கொண்டு போயும் என் மனைவி முதலில் கேட்டது அந்த வாடையைப் பற்றித்தான். மலையில் மரவள்ளியும் புளியும் கடுக்காயும் மூட்டை கட்டுகிறவர்கள் எங்களிடம்தான் சாக்கு எடுப்பார்கள். ஆனால் அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, பெருமையெல்லாம் கயிற்றின் மேல்தான். தென்னங்கயிறு போய் நைலான் கயிறு வந்த புதிதில் ஒரு முனையைக் கடைத் தூணில் கட்டி, மறுமுனையை வாங்க வந்தவர் கையில் கொடுத்து இழுக்கச் சொல்வார். "அறுந்துதுன்னா கடையவே எடுத்துக்கினு போங்க" என்பார். யாருக்கும் கடை கிடைக்கவில்லை.

அந்தக் கயிற்றை இழுத்துப் பார்க்காமல் வாங்கிய ஒரே ஆள் அஞ்சலை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வேளையும் பால் ஊற்றியவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, கோமுகி ஆற்றங்கரையில் ஒரு ஓலைச்சாய்ப்பும் இரண்டு எருமைகளும்தான் அவளுக்கு எல்லாமே. எருமைகளைப் பெரியவ, சின்னவ என்பாள். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகளைப் பற்றிப் பேசுவது போல, பெரியவ கோவிச்சுக்கினா, சின்னவ வழிக்கு வரமாட்டேங்கறா என்று அம்மாவிடம் நியாயம் கேட்பாள். அம்மாவும் மும்முரமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் சொல்கிற சமயத்தில் சின்னவ நிறைசினை.

அஞ்சலைக்குக் கடிகாரம் கிடையாது. எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்குக் கூப்பிடுகிற பாங்குதான் கடிகாரம். விடியற்காலை பாங்குக்கு எழுந்திருப்பாள். சாயங்காலத்துக்கு முந்தின அஸர் பாங்கு கேட்டதும் கறந்த பாலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். முதலில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகள், கடைசியில் எங்கள் தெரு. "உங்க ஆளுங்க ஒரு நாளும் லேட்டா கத்தமாட்டாங்க" என்று அவள் சொன்னதை அத்தா ஒரு நற்சான்றிதழாகவே எடுத்துக்கொண்டார். பள்ளிவாசலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு சவுண்ட் சர்வீஸில் ஆறு மாதம் வேலை பார்த்து, அங்கே கற்றுக்கொண்டதெல்லாம் ஒயரை அழகாகச் சுற்றி வைப்பது ஒன்றுதான் என்ற நிலையில், கடைக்குத் திரும்பியிருந்தேன். பகல் சாப்பாடு முடிந்த நேரம் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சின்னக்கண்ணு போன் செய்தார். மலைக்காரர், எங்களிடம் பல வருஷமாகச் சாக்கு எடுப்பவர்.

"பாய், சாக்க இன்னிக்கி ஏத்தி வுடாதீங்க. பாலத்து மேல ஆள் ஒசரம் தண்ணி போவுது. பொழுது சாயறதுக்குள்ள உங்க ஊருக்கு வந்துரும், பாத்துக்குங்க" என்றார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். அன்று ஊரில் இது முதலில் தெரிந்தது எங்களுக்குத்தான். ஒரு சாக்குக் கட்டு வீணாக வேண்டாம் என்று ஒரு நல்ல மனுஷன் எங்களுக்குச் சொன்னார். அரசாங்கம் சொல்லவில்லை, மழையில் ஒன்றும் தெரியவில்லை என்று வேறு யாராவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

நாங்கள் என்ன செய்தோம்? சாக்குக் கட்டுகளை மாடிக்கு ஏற்றினோம். பக்கத்துக் கடைக்காரர்களுக்குச் சொன்னோம், அவர்களும் ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அத்தா கடைசிக் கட்டை ஏற்றிவிட்டு மூச்சு வாங்க நின்றார். பிறகு, பாங்கு சொல்லலாம் வா என்று என்னைக் கூப்பிட்டார். பெரிய ஆபத்து வரும்போது தொழுகை நேரம் இல்லாவிட்டாலும் பாங்கு சொல்லி அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவது எங்கள் வழக்கம். வழக்கமாக அவரவர் வீட்டு வாசலில் நின்று சொல்வோம். மழை இரைச்சலில் தெருவுக்கே கேட்காது, பள்ளிவாசல் மைக்கில் சொல்வோம் என்பது அத்தாவின் யோசனை. பாங்கு சொல்லும் மோதினார் ஊருக்குப் போயிருந்தார். ஆம்ப்ளிஃபயரைப் போடத் தெரிந்த மேதை நான் ஒருவன்தான்.

அத்தா அன்று சொன்ன பாங்கை நான் கேலி பேச மாட்டேன். பாதியில் அவர் குரல் உடைந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கியது. அவ்வளவு பயமும் அவ்வளவு நம்பிக்கையும் ஒரே தொண்டையில் இருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. முடிந்ததும், மழையில் ஷாக் அடிக்கும் என்று என்னை மைக்கை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். ஒயரை முழங்கையில் போட்டு, ஒரு முறுக்கு இல்லாமல், வட்டமாகச் சுற்றி ஆணியில் மாட்டினேன். மைக் என் கையில் இருந்தது. ஆறு கூப்பிடு தூரத்தில் இருந்தது. பாங்குக்குப் பிறகு இரண்டு வார்த்தை, கரையில் இருக்கிறவர்கள் மேட்டுக்கு வாருங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குத் தோன்றவில்லை. கடவுளிடம் சொன்னது போதும் என்று இருந்துவிட்டேன் போலிருக்கிறது. இன்றைக்கும் எதிலாவது ஒயர் சுற்றுகிறபோது என்னையே அறைய வேண்டும் போல் இருக்கும்.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் கழித்து அஞ்சலை எங்கள் வீட்டு வாசலில் பால் கேனோடு நின்றாள். மழைக்குத் தலையில் ஒரு யூரியா சாக்கைக் கொங்காணியாகக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். அம்மா பாத்திரத்தை நீட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"எருமைங்கள மேட்டுல கட்டிட்டியா?"

"ஏன்?" என்றாள் அஞ்சலை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அத்தாவைப் பார்த்தேன். அத்தா தெருவைப் பார்த்தார். மைக்கில் சொல்லியிருப்பார்கள் என்று அம்மா நினைத்திருந்தாள். அம்மா மட்டுமில்லை, தெருவே அப்படித்தான் நினைத்திருந்தது. மைக்கில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். அம்மா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அஞ்சலை கேனைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். ஆற்றுக்கு இறங்குகிற சந்தில் இடுப்பளவு தண்ணீர் சுழித்துக்கொண்டு ஏறி வந்தது. நாலு பேர் சேர்ந்து அவளைப் பிடித்து நிறுத்தினோம். சாய்ப்பின் கூரை மட்டும் தெரிந்தது. எருமை கத்துகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

எருமைக்கு நீந்தத் தெரியும். அவிழ்த்து விட்டிருந்தால் எங்கேயாவது கரையேறியிருக்கும். பழைய தென்னங்கயிறாக இருந்தாலும் அந்த இழுப்புக்கு அறுந்திருக்கும். அவள் கட்டியிருந்தது எங்கள் கடைக் கயிறு.

எங்கள் தெருவில் தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றது. விடிந்ததும் வடிந்துவிட்டது. அத்தா நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்து அழுதார். அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய தேக்சா ஏற்றி நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்கே கொடுத்தோம். அல்லாஹ் காப்பாத்தினான் என்று ஒவ்வொருவரும் தட்டோடு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு ஒவ்வொரு தட்டையும் பிடுங்கி வீச வேண்டும் போல் இருந்தது. வீசவில்லை. மணக்க மணக்க நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். என் கோபத்தின் லட்சணம் அப்போது அவ்வளவுதான். அம்மா மட்டும் அன்று அதைத் தொடவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அஞ்சலை கடைக்கு வந்தாள். கையில் சேறு காய்ந்த இரண்டு கயிறுகள். அவற்றைக் கல்லாவுக்கு முன்னால் வைத்தாள்.

"அறுவவே இல்ல பாய். நல்ல கயிறு" என்றாள்.

அவள் குரலில் ஒரு குத்தலும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அத்தா ஒரு கயிற்றை எடுத்துக் காய்ந்த சேற்றை உதிர்த்தார். பிறகு, நான் இன்று வரை மன்னிக்க முடியாத ஒன்றை, முழு மனதோடு, அவளுக்கு ஆறுதல் என்று நினைத்தே சொன்னார்.

"நீ ஏன் அன்னிக்கி முன்னாலயே கெளம்புனேன்னு நெனச்சுப் பாரு அஞ்சல. அந்தப் பாங்குதான் உன்ன வெளிய கூட்டிக்கினு வந்துது. இல்லன்னா நீயும் போயிருப்ப. அல்லாவுக்கு நன்றி சொல்லு."

நிஜம்தான். வானம் இருட்டிக் கிடந்ததால் நேரம் தெரியாமல், அஸர் பாங்கு என்று நினைத்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருக்கிறாள். வீட்டில் இருந்திருந்தால் தண்ணீரைப் பார்த்து அவிழ்த்து விட்டிருப்பாளா, அவளும் போயிருப்பாளா, யாருக்குத் தெரியும்? தெரியாத அந்த இடத்தில் அத்தா நன்றியைக் கொண்டுபோய் வைத்து மூடினார். அஞ்சலைதான் பேசினாள்.

"உசுரு பொழச்சேன், அது உங்க சாமி குடுத்ததுன்னே இருக்கட்டும் பாய். அதுக்கு நான் கும்புட்டுக்கறேன். எருமய அவுத்து வுடுன்னு ஒரு வார்த்த சொல்றது சாமி வேலயா? அது நீங்க சொல்லி இருக்கணும்."

கயிற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அத்தா வேறு எருமை வாங்கித் தருவதாக இரண்டு முறை ஆள் அனுப்பினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச நாள் கட்டட வேலைக்குப் போனாள். ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்று சாய்ப்புகளை எடுத்தபோது எந்தப் பக்கம் போனாள் என்று எனக்குத் தெரியாது. தேடிப் போயிருக்கலாம், போகவில்லை. அதற்குப் பிறகு அத்தா யாரிடமும் கயிற்றைக் கொடுத்து இழுக்கச் சொல்லவில்லை. அதைத் தவிர, அவர் மவுத்தாகி மண்ணுக்குப் போகும் வரை, அந்த நாளைப் பற்றி எங்களுக்குள் பேச்சே இல்லை. அது என் கோபத்தைக் குறைக்கவில்லை. அவர் மேல் பாதி, என் மேல் பாதி என்று அது அப்படியே இருக்கிறது.

இன்று காலை கடையைப் போட்டுவிட்டு நான் போனது பள்ளிவாசலுக்குத்தான். மைக்கைப் போட்டேன். கோமுகிக் கரையில் இருக்கிறவர்கள் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு மேட்டுக்கு வாருங்கள் என்று சொன்னேன். மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை குரல் உடைந்தது, அத்தாவுக்கு உடைந்த மாதிரியே. தொழுகை நடத்தப் புதிதாக வந்திருக்கும் இளைய அஜ்ரத் வெளியூர்க்காரர். ஓடி வந்து, நான் முடிக்கும் வரை பொறுமையாக நின்றார்.

"யாருக்குங்க சொல்றீங்க?" என்றார். "கரையில இப்ப யாரும் இல்லயே. மாடுகூட இல்ல."

மைக்கை நிறுத்தினேன். ஒயரைச் சுற்றாமல் தரையில் அப்படியே போட்டுவிட்டு வந்தேன்.